காப்பி மிஷினுக்கு எந்தத் தண்ணீர்?

கோயமுத்தூரில் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு, "எஸ்பிரஸோ மிஷின் தகராறு செய்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்க அம்மிணி, என்ன தண்ணீங்க ஊத்துறீங்க?" என்பதாகத்தான் இருக்கும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லுகிற மாதிரி! "குழாய்த் தண்ணிதானுங்க" என்று பொதுவாகப் பதில் சொன்னால் அவர் விடமாட்டார். "எந்தக் குழாய்ங்க? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்பார்.

சகோதரிகளே, மிஷினின் ஆயுள் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

எஸ்பிரஸோ என்றதும், கல்யாண வீட்டு வாசலில் புஸ்ஸென்று ஆவியைக் கக்கிப் பாலைப் பொங்கவைக்கிற அந்தப் பெரிய அண்டா ஞாபகத்துக்கு வரலாம். நான் சொல்லுவது அதை அல்ல. மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா 1901-ல் பேட்டண்ட் வாங்கிய யந்திரத்தின் வாரிசு. 1948-ல் அக்கீலெ காஜ்ஜியா விற்பனைக்குக் கொண்டுவந்த கைப்பிடி யந்திரங்களிலிருந்து பொன்னிற நுரையோடு காப்பியை இறக்கப் பழகிக்கொண்டது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, கார் டயரில் உள்ள காற்றைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்தத்தில் காப்பிப் பொடிக்குள் செலுத்துவதுதான் அதன் வேலை. தண்ணீர் போகிற வழிகள் உள்ளே குச்சியைவிட மெல்லியவை. அவை அடைத்துக்கொண்டால் பதினாயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாமான் மேடைக்கு அலங்காரமாக நிற்கும். மிஷினை வாங்கி வருகிறவர் பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளை. கழுவித் துடைத்துக் காப்பாற்றுகிற உத்தியோகம் யாருக்கு வந்து சேருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

அடைப்பது எது? சுண்ணாம்பு. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கொஞ்சம் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு போகிறது. நம் கொங்குச் சீமையில் தோண்டினால் சுக்கான் கல். மதுக்கரைப் பக்கம் போனால் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புப் பாறை. அவற்றைக் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் போர்க் கிணற்றுக்கு வருகிறது. அதைச் சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாகப் படியும். வாளியில் போட்டுக் குளிக்க வெந்நீர் வைக்கிற ஹீட்டர் கம்பியைப் பாருங்கள். மேலே வெள்ளையாகச் செதில் செதிலாகப் பிடித்திருக்கிறதே, அதேதான் மிஷினுக்குள்ளும். என்ன, கண்ணுக்குத் தெரியாது.

சிறுவாணி விஷயம் வேறு. அது உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவையில் பிறந்தவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். போட்டி எங்கே நடந்தது, முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்! பரிசு கிடக்கட்டும். அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் நகரசபைத் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார். ஆர். எஸ். புரம் என்று நாம் தினமும் உச்சரிப்பது அவர் பெயரைத்தான். இன்றைய அணை 1984-ல், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் கட்டியது. மலைக்காட்டில் பெய்த மழை வழியில் சுண்ணாம்பை அதிகம் சந்திக்காமல் நம்மிடம் வந்துவிடுகிறது. அதனால்தான் அது மெதுவான தண்ணீர். ஊரின் கிழக்கிலும் வடக்கிலும் பல பகுதிகளுக்குப் பில்லூரிலிருந்து பவானித் தண்ணீர் வருகிறது. அதுவும் ஆற்றுத் தண்ணீர்தான்; போர்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அறியப் பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டாம். துவரம் பருப்பைப் போட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீரில் குழைந்து வருகிற அதே பருப்பு, உப்புத் தண்ணீரில் முழித்துக்கொண்டு நிற்கும். கொள்ளு கேட்கவே வேண்டாம். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போனாலும் அதே அர்த்தம். பருப்பு வேகாத தண்ணீரை மிஷினில் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம்.

"குடிக்கலாம் என்று சொல்லுகிற தண்ணீர் மிஷினுக்கு ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவுப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம்; வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரைகூட அனுமதி உண்டு. மனிதர்களுக்குச் சரி. 300 உள்ள தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால், வருஷத்தில் மிஷினுக்குள் போய்வருகிற சுண்ணாம்பு 100 கிராமுக்கு மேல். எல்லாம் தங்கிவிடாது. ஆனால் கால் பங்கு தங்கினாலே போதும், அந்த மெல்லிய குழாய்களுக்கு!

வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் நல்ல தண்ணீர் வருகிற தெருக்களில், அதை மிஷினுக்கு ஊற்ற மனம் வருவதில்லை. மாமியார் என்ன சொல்லுவாரோ என்ற தயக்கம் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்கு இரண்டு வேளை என்றால் எட்டுக் காப்பி. அதற்குச் செலவாவது அரை லிட்டர். மிஷினைக் கழுவிவிடுவதற்கு இன்னொரு அரை லிட்டர். ஒரு குடம் தண்ணீர் இரண்டு வாரம் வரும்! அந்தக் குடத்தைத் தனியாக மூடிவையுங்கள். வேலைக்கு உதவ வருகிற அம்மாவிடமும், முக்கியமாக வீட்டுப் பிள்ளைகளிடமும், எந்தக் குடம் மிஷினுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல தண்ணீர் வராத வாரத்தில், போர்த் தண்ணீரைப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறி அடங்கவிட்டு, மேலாகத் தெளிவை மட்டும் துணியில் வடிகட்டி ஊற்றலாம். சுண்ணாம்பில் பெரும் பகுதி பாத்திரத்தின் அடியிலேயே நின்றுவிடும். கொதிக்கவைத்தும் போகாத வகை ஒன்று உண்டு. ஆகவே இது ஆபத்துக்கு உதவுகிற வழிதான். தண்ணீர் வாயில் கரித்தால் அதையும் செய்ய வேண்டாம். அந்த உப்பு எவர்சில்வரையே அரித்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. சுண்ணாம்பு படியாது, வாஸ்தவம். ஆனால் சத்தெல்லாம் போன தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கும்; சில மிஷின்களில் தொட்டியில் தண்ணீர் இருப்பதே அதன் உணர்கருவிக்குத் தெரியாமல் போய்விடும். ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் சிறுவாணியைக் கலந்தால் இரண்டு குறையும் தீரும்.

இனி, ஏற்கெனவே படிந்துவிட்டதை எடுக்கும் விதம். முதலில், படிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். காப்பிக் கிண்ணத்தை மாட்டாமல் வெறுமே தண்ணீரை விட்டுப் பாருங்கள். தாரையாக விழுந்தால் மிஷின் பேரில் குற்றமில்லை. பொடிதான் மிக நைசாக இருக்கிறது, அல்லது அதில் சிக்கரி இருக்கிறது. நம் பில்டருக்குப் பொருத்தமான சிக்கரிப் பொடி இங்கே நனைந்து இறுகி வழியை மறித்துக்கொள்ளும். வெறும் தண்ணீரே நூலாக இறங்கினால், சூடேற முன்னைவிட நேரம் பிடித்தால், பம்பு முனகினால், அப்போது சுண்ணாம்பைச் சந்தேகிக்கலாம்.

மிஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் அதில் சொல்லியிருக்கிற பொடியையே வாங்குங்கள். எலுமிச்சை உப்பு உபயோகிக்கலாம் என்றிருந்தால், ஸ்குவாஷ் போடுவதற்கு வாங்குகிறோமே, அதே சிட்ரிக் ஆசிட்தான். 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத வேறொரு மாவாகப் படியக்கூடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போல் ஆகும். ஆகவே முடிந்தவரை மிஷினும் ஆறியிருக்கட்டும். எலுமிச்சம் பழத்தையே பிழிந்து ஊற்றலாமா என்றால், வேண்டாம். சக்கை போய் அடைத்துக்கொள்ளும். வினிகரின் நாற்றம் ரப்பரில் ஏறினால் ஒரு வாரத்துக்குக் காப்பி ஊறுகாய் மணக்கும்.

தொட்டிக்குள் வடிகட்டிச் சிமிழ் இருந்தால் அதை வெளியே எடுத்துவிட்டு, கரைசலை ஊற்றுங்கள். கால் பங்கைக் காப்பி வருகிற வழியாகவும், கொஞ்சத்தை ஆவிக் குழாய் வழியாகவும் விட்டு, மிஷினை அணைத்துக் கால் மணி நேரம் சும்மா இருங்கள். மறுபடி கொஞ்சம், மறுபடி ஓய்வு. இப்படியே தீரும்வரை. ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கூடவே கூடாது. புளியைத் தடவிய பித்தளைச் செம்பை மறுநாள் வரை வைத்தால் என்ன ஆகுமென்று உங்களுக்குத் தெரியும். வெளியே வருகிற தண்ணீர் நீலப் பச்சையாக இருந்தால், கரைவது சுண்ணாம்பு அல்ல, உள்ளேயிருக்கும் செம்பு. உடனே நிறுத்திக் கழுவிவிடுங்கள். அப்புறம் இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை ஓடவிட்டு, கடைசிச் சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். புளித்தால் மூன்றாவது தொட்டி.

சிறுவாணித் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிற வீட்டில் ஆறு மாதத்துக்கொரு தரம் இது போதும். போர்த் தண்ணீர் என்றால் மாதா மாதம். பெரிய கொதிகலன் உள்ள விலை உயர்ந்த மிஷின்களில் மட்டும் வீட்டில் ஆசிட் விடாதீர்கள்; பெயர்ந்த செதில் போய் வால்வில் மாட்டிக்கொள்ளும். குக்கரில் வால்வு அடைத்துக்கொண்டால் எப்படிப் பயப்படுவோமோ அப்படிப் பயப்பட வேண்டிய விஷயம் அது. தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சுண்ணாம்புக்குப் புளிப்பு மருந்து. காப்பி எண்ணெய்ப் பிசுக்குக்கு அது கேட்காது. மேலே உள்ள சல்லடைத் தட்டை வாரம் ஒருமுறை கழற்றி அதற்கென்று விற்கிற பொடியில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். பால் நுரைக்கிற குழாயை அந்த நிமிஷமே ஈரத் துணியால் துடைத்து, ஒரு தடவை ஆவியைத் திறந்து மூடுங்கள். ஆறினால் பால் ஓடுபோல் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைச் சுற்றி ஒழுகினால் குக்கரைப் போலவே கேஸ்கட் இறுகிப்போயிற்று, மாற்றுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி. சமையல் மேடை கடப்பைக் கல்லாக இருந்தால் மிஷினுக்கடியில் ஒரு பெரிய தட்டு வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு ஜாதிதான். எலுமிச்சை உப்பு சிந்திய இடம் வெளுத்துப்போகும், பிறகு எதைத் தேய்த்தாலும் பழைய மெருகு வராது. வெளியே வந்த புளிப்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்து, பிளக்கைப் பிடுங்கிய அந்த ஹீட்டர் கம்பியின் வெள்ளைப் பாகத்தை அதில் ஊறவையுங்கள். பொரபொரவென்று நுரை கிளம்புவதைக் குழந்தைகளையும் கூப்பிட்டுக் காட்டலாம்.