மழையில் நாலு இண்டிகேட்டர் போட்டால் போதுமா?

போன ஐப்பசியில் மாமாவோட காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டினதும் பிடிச்சது பாருங்க ஒரு மழை! வைப்பர் முழு வேகத்தில் ஆடியும் முன்னாடி எதுவும் சரியாத் தெரியல. ரோட்டில் முக்கால்வாசிப் பேர் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். நாலு இண்டிகேட்டரையும் மின்ன விட்டுட்டு, அதே எண்பதில் போனாங்க. மாமாவும்தான்.

திடீர்னு முன்னாடி மின்னின ஒரு கார்... ஓடலை, நின்னுட்டு இருந்தது! மாமா ஒடிச்சுத் திருப்பினதில் மயிரிழையில் தப்பிச்சோம்.

அப்பதான் எனக்கு உறைச்சது. அந்த விளக்கு நின்னுபோன வண்டிக்கானது. ஓடற வண்டியும் போட்டா எது நிக்குது, எது ஓடுதுன்னு பின்னாடி வர்றவருக்கு எப்படித் தெரியும்? நிறைய கார்களில் அப்போ இடது வலது சிக்னலும் காட்ட முடியாது. முன் லைட்டை டிம்மில் போட்டாலே பின்னாடி சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும். மழைக்கு அது போதும்.

ஆனா எந்த விளக்கும் வேகத்தைக் குறைக்காது. தேங்கின தண்ணியில் வேகமாப் போனா டயர் தரையை விட்டு மிதக்கும். பிரேக், ஸ்டியரிங் எதுவும் பேச்சுக் கேக்காது. ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்கணும், அவ்வளவுதான்.

தெரிஞ்சும் ஏன் நிறுத்தறதில்லை? "இவ்வளவு தூரம் வந்தாச்சு!" காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதுக்குப் பேர் சங்க் காஸ்ட். போன காசு போனதுதான், அதை வச்சு அடுத்த முடிவு எடுக்காதேன்னு பரீட்சையில் எழுதறோம். ரோட்டில் மறந்துடறோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அப்புறம் விழுப்புரம் மாவட்டம் அரசூர்கிட்ட இதே நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறிப் போக்குவரத்தே நின்னுது. அவசரம்னு சொன்னவங்களும் காத்துக்கிட்டுதான் கிடந்தாங்க. வெள்ளம் மறிச்சா நிக்கறோம். கண்ணு தெரியாத மழையில் மட்டும் ஏன் நிக்க மாட்டேங்கறோம்?

நிக்கறதுன்னா ரோட்டோரத்தில் இல்லைங்க, ரோட்டை விட்டே இறங்கி. மாமா கடைசியா ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினார். அங்கே ஏற்கனவே நாலு லாரி நின்னுட்டிருந்தது. டீ குடிச்சுட்டிருந்த டிரைவர் அண்ணன் சொன்னார்: "சரக்கு நாளைக்குக்கூட இறங்கும் தம்பி."

நாப்பது நிமிஷத்தில் மழை விட்டது. திருச்சியில் சாப்பாடு ஆறிப்போச்சு, அத்தை திட்டினாங்க. எங்க மொத்த நஷ்டக் கணக்கு அவ்வளவுதான் :-)