தளதளப்பைக் கண்டு ஏமாந்தேன்!

போன கோடையில் எங்கள் தாம்பரம் வீட்டு மொட்டை மாடியில் நடந்த கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தொட்டியில் வைத்த வெண்டைச் செடிகள் நோஞ்சானாக நின்றன. உரக்கடையில் யூரியா வாங்கி, வாரா வாரம் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டேன். இலையெல்லாம் கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது. எனக்கோ ஒரே பெருமை!

அப்புறம் பார்த்தால் இலைக்கு அடியில் அப்பிக் கிடக்கிறது அசுவினி! பூச்சிமருந்து அடித்தேன். மறுநாள் என் நாலு வயதுப் பேத்தி ஒரு பிஞ்சைப் பறித்து வாயருகே கொண்டுபோய்விட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மதுராந்தகம் பக்கம் விவசாயம் பார்க்கும் நாத்தனாரிடம் சொன்னேன். "நெல்லுலயும் இதே கதைதான் அண்ணி! பச்சை பத்தலைன்னு யூரியாவை அள்ளிப் போடுவாங்க. புகையான் பூச்சி வந்து, வயல் வட்ட வட்டமா தீஞ்சு போகும்" என்றாள்.

காரணம் இதுதான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அளவோடு கிடைத்தால் பயிர் தூர் கட்டும், மகசூல் கூடும். மிஞ்சினால் தண்டும் இலையும் மெத்தென்று ஆகி, சாற்றில் பூச்சிக்குப் பிடித்த சத்து ஏறிவிடும். அதைக் குடித்த பூச்சி மளமளவென்று பெருகும். சிலந்தியும் பொறிவண்டும் தின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் ஈடு கொடுக்க முடியாது. நாம் அடிக்கும் மருந்தோ அவற்றையும் சேர்த்தே கொன்றுவிடும். பிறகு பூச்சிக்குக் கொண்டாட்டம்தான்! இந்தோனேசியாவில் இப்படிப் புகையான் பெருகியதால்தான், 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசு தடை செய்தது. நெல் பயிரும் அதிகம் தழைத்தால் சாய்ந்துவிடும். செலவு செய்தும் மகசூல் குறையும்.

நாத்தனார் இப்போது இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத்தான் உரம் போடுகிறாள். 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு இரவு வைத்திருந்து, பல தடவையாகப் பிரித்துப் போடுகிறாள்.

தொட்டிச் செடிக்கு மக்கிய உரமே போதும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். குட்டி முதலை மாதிரி கறுப்பாக ஒரு புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

என் வெண்டைச் செடி இப்போது வெறும் இளம்பச்சைதான். பேத்தி பிஞ்சைப் பறித்துக் கடிக்கிறாள். நான் ஓடுவதில்லை.