பொறியை வாங்கினால் குடியா முழுகிவிடும்?

அமெரிக்காவில், பழைய பென்சில்வேனியா லாங் ரைஃபிளின் நகலை வீட்டுப் பட்டறையில் செய்கிறவர்களுக்குள் ஒரு மேல்-கீழ் உண்டு. இரும்பைக் காய்ச்சிக் குழலைத் தானே அடித்தவர் 'அசல்' கைவினைஞர். குழலையும் சக்கிமுக்கிப் பொறியையும் வாங்கிப் பொருத்தியவர் சும்மா 'அசெம்ப்ளர்'.

சுத்த அபத்தம். வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் குழல், பொறி, கட்டை எல்லாவற்றையும் கையாலேயே செய்ததை 1969இல் ஓர் ஆவணப்படம் காட்டியது. அபாரமான வேலைதான். அதையே சட்டமாக்கினால் எப்படி? 18ஆம் நூற்றாண்டுக் கொல்லர்களில் பலர் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த பொறிகளைத்தான் வாங்கிப் பொருத்தினார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. தூய்மைவாதம் சோறு போடாது.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விளக்குப் புகையில் குழலைக் காட்டிக் கரி பிடிக்க வைக்கணும். மேப்பிள் கட்டையில் குடைந்த பள்ளத்தில் அதை அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவணும். மறுபடி அழுத்தணும், மறுபடி சீவணும். ஒரு தாள் கனம் கூடுதலாகச் சீவிட்டா இடைவெளி பல்லிளிக்கும்.

நான் எழுதும் மென்பொருளில் பாதி அடுத்தவர் எழுதிய லைப்ரரிதான். அதனால் என் வேலை குறைந்துவிடவில்லை. யார் அடித்த குழல் என்று கேட்பதை விடுங்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை நுழைகிறதா என்று பாருங்கள்.