எண்ணைக் கூட்டினால் நாதம் கூடாது

கொழும்பில் கிளாரினெட் பழகும் பிள்ளையின் பெற்றோரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் இப்படிச் சொல்லியிருப்பார்: "இரண்டாம் நம்பர் ரீட் தொடக்கக்காரருக்குத்தான். கிரேட் ஏற ஏற நம்பரையும் ஏத்த வேணும். மௌத்பீஸ் எண்டால் பி45. கீச்சிட்டால் நல்ல லிகேச்சர் ஒண்டு வாங்கிப் போடுங்கோ." பாண்ட் அறையில் மூத்த மாணவர் இளையவருக்கு இதைச் சொல்கிறார். கடையில் சொல்கிறார்கள். சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இது எழுதப்படாத பாடத்திட்டம் ஆகிவிட்டது.

இந்த அறிவுரையில் ஒரு வரியும் தேறாது. பணம் வீணாவது ஒரு பக்கம். நல்ல செவியுள்ள பிள்ளைகள் 'எனக்கு மூச்சு காணாது, எனக்கு இது வராது' என்று முடிவு கட்டி வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். என்னால் தாங்க முடியாதது அதுதான். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் ரீட்டின் எண். இது வாசிப்பவரின் தரத்தைக் காட்டும் எண் என்பதுதான் எல்லாப் பிழைகளுக்கும் தாய். ரீட் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டாம் எண்ணும் நான்காம் எண்ணும் ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. தடிப்பில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நாணல் தண்டிலேயே இருக்கிறது: சில தண்டுகளின் நார் நெருக்கமானது, சிலவற்றினது தளர்வானது. சீவி முடித்த பின் இயந்திரம் ஒவ்வொரு ரீட்டையும் மெல்ல அழுத்தி, அது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற பெட்டியில் போடுகிறது. எண் சொல்வது விறைப்பை மட்டுமே. அதுவும் ஒரு வீச்சு. இரண்டரைப் பெட்டியில் உள்ள விறைப்பான ரீட்டும் மூன்றாம் பெட்டியில் உள்ள இளகிய ரீட்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்.

அந்த எண்ணும் எல்லாக் கம்பனிக்கும் பொதுவானது அல்ல. செம்மஞ்சள் பெட்டியில் வரும் ரிகோவின் மூன்று, வாண்டோரன் நீலப் பெட்டியின் இரண்டரைக்குத்தான் கிட்ட வரும். ரிகோவில் மூன்று வாசித்த பிள்ளைக்கு, கடையில் அது தீர்ந்துபோனதால் வாண்டோரன் மூன்றை வாங்கிக் கொடுத்தால், ஒரே நாளில் அரை எண் ஏற்றிவிட்டோம். வாண்டோரனுக்குள்ளேயே நீலப் பெட்டி ரீட்டின் நுனி 0.09 மில்லிமீற்றர், வி12 இன் நுனி 0.10, '56 ரூ லெபிக்' இன் நுனி 0.11. நாக்கு படும் இடத்தில் இந்த நூறில் ஒரு மில்லிமீற்றரைத் தெளிவாக உணரலாம்.

விறைப்பு கூடினால் நாதம் கனக்கும் என்ற நம்பிக்கையை ஒரு பிள்ளையின் வாயைப் பார்த்தே மறுத்துவிடலாம். தன் சக்திக்கு மீறிய ரீட்டை வாசிக்கும் பிள்ளையிடம் கீழ் உதட்டை மெல்ல மடித்துக் காட்டச் சொல்லுங்கள். உட்புறத்தில் பல் பதிந்த வெள்ளைக் கோடு இருக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த இடம் புண்ணாகியே இருக்கும். ரீட் அதிர மறுக்கிறது, பிள்ளை கடிக்கிறது, கடிக்கக் கடிக்க ரீட்டுக்கும் மௌத்பீஸ் நுனிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒடுங்குகிறது, சுருதி மேலே ஏறுகிறது, நாதத்தோடு உஸ்ஸென்ற காற்றும் சேர்ந்து வருகிறது. பத்து நிமிடத்தில் உதடு களைத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு 'பயிற்சி போதாது' என்று சொல்வது அநியாயம். அதே பிள்ளைக்கு அரை எண் குறைத்துக் கொடுத்தால், கீழ் ஸ்தாயியில் நாதம் அறை நிறைய வருவதை அங்கேயே கேட்கலாம்.

அளவுக்கு மீறி இளகிய ரீட்டும் கேடுதான். மேல் ஸ்தாயியில் சுருதி கீழே வழுக்கும், நாதம் மெலிந்து ரீங்கரிக்கும், பலமாக ஊதினால் ரீட் மௌத்பீஸோடு ஒட்டி வாயடைத்துவிடும். அப்போது எண்ணைக் கூட்டத்தான் வேண்டும். அதற்குக் காரணம் காதில் கேட்பது. சான்றிதழில் உள்ள கிரேட் அதற்குக் காரணமாகாது. பரீட்சை மண்டபத்தில் எவரும் ரீட்டின் எண்ணைக் கேட்பதில்லை.

அடுத்தது வாண்டோரனின் பி45. நல்ல மௌத்பீஸ், உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். 'எல்லாருக்கும் அதுதான்' என்பதைத்தான் மறுக்கிறேன். மௌத்பீஸின் நுனிக்கும் ரீட்டின் நுனிக்கும் இடையே உள்ள திறப்பு பி45 இல் 1.195 மில்லிமீற்றர். புது வாத்தியத்தோடு வரும் யமஹா 4சி யில் 1.05. வாண்டோரனின் எம்13 இல் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். திறப்பு அகலமானால் ரீட் கூடுதல் தூரம் வளைய வேண்டும், ஆகவே இளகிய ரீட் வேண்டும். திறப்பு ஒடுங்கினால் விறைப்பான ரீட் வேண்டும். 4சி யில் இரண்டரை ரீட்டோடு இனிமையாக வாசிக்கும் பிள்ளைக்கு, ஒரே பிறந்தநாளில் பி45 உம் மூன்றாம் நம்பர்ப் பெட்டியும் பரிசாகக் கிடைத்தால் சுமை இரு பக்கமும் ஏறுகிறது. எம்13 காரர் மூன்றரையும் நாலும் வாசிக்கிறார் என்றால் அவர் இரும்பு வாய்க்காரர் என்று பொருளல்ல; அவருடைய திறப்பு சிறியது.

திறப்பை மட்டும் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பி40 க்கும் அதே 1.195 தான். ஆனால் அதன் நுனி விளிம்பு அகலமானது. வாசித்தால் வேறு மௌத்பீஸ். ரீட் மௌத்பீஸை விட்டு விலகத் தொடங்கும் வளைவு எவ்வளவு நீளம் என்பதும் கணக்கில் வரும். ஆகவே ரீட், மௌத்பீஸ், வாசிப்பவரின் வாய் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தே எது பொருந்தும் என்று சொல்லலாம். ஒன்றைத் தனியே எடுத்து 'இது சிறந்தது' என்பவர் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்.

என்ன வாசிக்கிறோம் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. இதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் பாடசாலை பாண்டிலும் தேவாலய இசைக்குழுவிலும் வாசிக்கும் பிள்ளைக்குச் சுருதி ஆடாமல் நிற்க வேண்டும்; பக்கத்தில் ட்ரம்பெட்டும் ஓர்கனும் இருக்கின்றன. ஒடுங்கிய திறப்பும் அதற்கேற்ற விறைப்புள்ள ரீட்டும் அங்கே கைகொடுக்கும். வெள்ளவத்தையில் தோடியோ பைரவியோ வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்குத் தேவை நேர்மாறு. தாடையைச் சற்றுத் தளர்த்தினால் சுரம் இறங்க வேண்டும், இறுக்கினால் ஏற வேண்டும். விரல் துளையில் வழுக்கும்போது ரீட் கூடவே வழுக்க வேண்டும். அகலத் திறப்பும் இளகிய ரீட்டும் இல்லாமல் கமகம் உடையும். பாண்டில் 'நல்ல செட்' என்று பெயர் எடுத்ததை அப்படியே கொண்டுவந்து ஆலாபனை செய்யச் சொன்னால், பிள்ளை படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் வாசிக்கும். உடனே 'கிளாரினெட் நம் இசைக்கு ஒத்துவராது' என்று தீர்ப்பு வேறு வரும்.

ஒத்துவராதா? 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியின் சதிர் நடனக் கச்சேரிகளில் முகவீணை என்ற ஊதுகருவியின் இடத்தைப் பிடித்த வாத்தியம் இது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் நாதஸ்வரம் பயின்று, பின் கிளாரினெட்டை எடுத்து, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் வாயாலேயே 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் பெற்றவர். 2008இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

நாதஸ்வரக்காரரிடம் இந்த அறிவு பரம்பரையாகவே இருக்கிறது. ஆடிவேல் ஊர்வலத்தில் காலி வீதியோரம் நின்று நாதஸ்வரத்தின் தலைப்பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். வாயில் வைத்திருக்கும் சீவாளியைத் தவிர, நூலில் இன்னும் சில சீவாளிகளும் அவற்றைப் பதப்படுத்தும் குச்சியும் தொங்கும். வித்துவான் ஒன்றை எடுத்து நாவில் நனைத்து, ஊதிப் பார்த்து, கழற்றி, இன்னொன்றைச் செருகுவார். குட்டையான திமிரி நாதஸ்வரத்துக்கு உரியதை நீளமான பாரிக்குப் போட மாட்டார். சீவாளியில் எண் எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. அவருடைய உதடும் காதும் சொல்வதுதான் அளவு. கிளாரினெட் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அதைத்தான். பெட்டியில் உள்ள பத்து ரீட்டும் ஒன்றல்ல என்பதை முதல் வருடத்திலேயே அவர்கள் அறிய வேண்டும்.

இனி லிகேச்சர். ரீட்டை மௌத்பீஸோடு பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. ஜெர்மன் முறைக் கலைஞர்கள் இன்றும் நூலைச் சுற்றிக் கட்டி வாசிக்கிறார்கள். அந்த மௌத்பீஸ்களில் நூல் வழுக்காதிருக்க வரிகள் வெட்டப்பட்டிருக்கும். துணியாலான ரோவ்னருக்கும் உலோக லிகேச்சருக்கும் இடையே வாசிப்பவர் உணரும் வித்தியாசம் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கீச்சொலிக்கு மருந்து அது அல்ல. பெரும்பாலான கீச்சொலி, ரீட் கோணலாக இருப்பதாலோ, விரல் துளையை முழுதாக மூடாததாலோ, துளையை மூடும் பாட் கசிவதாலோ, ரீட் வாய்க்குப் பொருந்தாததாலோ வருகிறது.

புதிய லிகேச்சருக்குப் பணம் கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ரீட்டை நனைத்து, அதன் நுனியும் மௌத்பீஸ் நுனியும் சமமாக வரும்படி வைத்துக் கட்டுங்கள். ரீட்டுக்கு மேலே மயிரிழை அளவு கறுப்பு விளிம்பு தெரிந்தால் போதும். மௌத்பீஸின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்தி, நுனியால் காற்றை உறிஞ்சுங்கள். ரீட் ஒட்டிக்கொண்டு, ஓரிரு விநாடி கழித்து 'டப்' என்று விட வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது: ரீட்டின் அடி வளைந்திருக்கலாம், மௌத்பீஸின் தளம் தேய்ந்திருக்கலாம், திருகை நெரித்து இறுக்கியதால் ரீட் கோணியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது நம் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். கீழ்த்திருகு பிடிக்கும் அளவுக்கு இருந்தால் போதும், மேல்திருகு அதைவிடத் தளர்வாக இருக்கலாம். ஜெர்மன் மௌத்பீஸ் ஒல்லியானது, பிரெஞ்சு லிகேச்சர் அதில் நிற்காது. இணையத்தில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய பொருத்தம் இது.

'ஆல்டோ சாக்ஸபோன் ரீட்டும் சரிவரும்' என்பவர்களுக்குச் சுருக்கமாக: வராது. அது அகலம் கூடியது, விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பேஸ் கிளாரினெட்டுக்கு டெனர் சாக்ஸ் ரீட் போடுபவர்கள் உண்டு, அளவு கிட்டத்தட்ட ஒன்று என்பதால்.

'பழைய கிளாரினெட், சுருதி சேரவில்லை, மௌத்பீஸை மாற்றினால் சரியாகும்' என்ற வாக்கைத்தான் நான் மிகவும் வருத்தத்தோடு கேட்கிறேன். பிரித்தானிய இராணுவ பாண்டுகள் 1920களின் இறுதி வரை இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக ஏறத்தாழ 452 என்ற உயர் சுருதியில் வாசித்தன. அக்காலத்து வாத்தியத்தில் 'எச்.பி.' என்ற முத்திரை இருந்தால், அது இன்றைய கீபோர்டைவிட அரைக்கட்டையில் ஏறத்தாழப் பாதி உயர்ந்து நிற்கும். துளைகளே அந்தக் கணக்கில் போடப்பட்டவை. எந்த மௌத்பீஸும் அதை இறக்காது. பூசி அண்ட் ஹாக்ஸ் 1010 இன் கதை வேறு: உட்குழல் அகலம் கூடியது, அதற்கென்றே செய்த மௌத்பீஸ் வேண்டும், சாதாரண மௌத்பீஸ் போட்டால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று சேரா. புது மௌத்பீஸிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வாண்டோரனின் வழமையான மௌத்பீஸ்கள் 442 சுருதிக்கு, '13 சீரிஸ்' என்பது 440க்கு. கீபோர்டோடு வாசிக்கும் பிள்ளை எப்போதும் சுருதி கூடுகிறது என்றால், திட்டும் முன் மௌத்பீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

'கொழும்பு ஈரத்துக்கு நாணல் ரீட் தாங்காது, பிளாஸ்டிக் போதும்' என்பதும் பாதிதான் உண்மை. ஈரமான ரீட்டை அப்படியே மூடி வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, காற்றோட்டமுள்ள உறையில் தட்டையாக வைத்து, நாலு ரீட்டை மாறி மாறி வாசித்தால் பிடிக்காது. ரீட் நெளிவதற்கு முக்கிய காரணம் ஏசி மண்டபத்தின் வறட்சிக்கும் வெளியே உள்ள புழுக்கத்துக்கும் இடையே அது அலைவது. 1998இல் தொடங்கிய கனடாவின் லெஜேர் போன்ற செயற்கை ரீட்கள் வெளியரங்க பாண்டுக்கு அருமையானவை. ஆனால் அவற்றைச் சுரண்டித் திருத்த முடியாது. ஒன்றின் விலைக்குப் பல நாணல் ரீட் வாங்கலாம். லெஜேர் கால் எண் இடைவெளியில் வருகிறது என்பதே பொருத்தம் அங்கேயும் முக்கியம் என்பதற்குச் சாட்சி.

மௌத்பீஸைச் சுடுநீரில் கழுவாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மௌத்பீஸ்கள் செய்யப்படும் எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். 1876இல் ஹெனரத்கொடவில் இறப்பர் நட்ட நாட்டுக்காரருக்கு இது புதிதல்ல. சூடு பட்டால் நிறம் பழுப்பாகி வாயில் கந்தகம் சுவைக்கும்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ரீட்டும் வீட்டுக் கணக்கில் எழுதப்படும் பொருளாகிவிட்டது. ஆகவே பாண்ட் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குழு முழுவதற்கும் ஒரே எண்ணில் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். இரண்டு, இரண்டரை, மூன்று என்று ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொரு பிள்ளையையும் தன் மௌத்பீஸில் மூன்றையும் ஊதச் சொல்லிக் கேளுங்கள். எந்த ரீட் எடுபடுகிறது என்பதைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதி வையுங்கள். ஒவ்வொரு தவணையும் திரும்பக் கேளுங்கள், ஏனென்றால் வாய் வளரும். மூத்தவனுக்கு இரண்டரையும் இளையவளுக்கு மூன்றும் பொருந்தினால் அப்படியே கொடுங்கள், காரணத்தை இருவருக்கும் விளக்கிவிட்டு.