கிடேரிக் கன்றுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பூசி?

கேள்வி: "எங்கள் ஊர் முகாமில் கிடேரிக் கன்றுக்கு மட்டும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட்டார்கள். காளைக் கன்றையும் சினை மாட்டையும் விட்டுவிட்டார்கள். இது சரியா?"
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: சரிதான். 'புருசெல்லோசிஸ்' எனப்படும் இந்த நோய் தாக்கிய மாடு, பெரும்பாலும் ஐந்து மாதச் சினைக்கு மேல் கன்றை வீசிவிடும். மத்திய அரசு 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் போதும். இதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையலாம். காளைக்கு விதை வீங்கலாம். அதனால்தான் அவற்றுக்குப் போடுவதில்லை.

இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி ஆகியவை அறிகுறிகள். மனிதருக்கு நம் நாட்டில் தடுப்பூசி கிடையாது. கன்றுக்குப் போடும் ஊசிதான் உங்கள் குடும்பத்துக்கும் காவல்.

மாடு கன்று வீசினால் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை அணிந்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய் இழுத்துப் போக விடாதீர்கள். கர்ப்பிணிகள் அருகில் போகவே கூடாது. பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் நீடித்தால், "எங்கள் மாடு கன்று வீசியது" என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல்தான் சரியான ரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டும்.