போதையிலிருந்து மீண்டு வருபவருக்கு நம் மஹல்லாவில் இடம் உண்டா?

குறிஞ்சிப்பாடி, நெய்வேலி பக்கம் ஒரு வீட்டில் பையன் கஞ்சாவுக்கோ வலி நிவாரண மாத்திரைக்கோ அடிமையாகிவிட்டான் என்று தெரிந்தால், நாம் முதலில் செய்வது கதவைச் சாத்துவதுதான். அடுத்து இரண்டு யோசனைகள் வரும்: வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம், இல்லையென்றால் நிக்காஹ் செய்து வைத்தால் திருந்திவிடுவான். மருத்துவர் நினைவுக்கு வருவது கடைசியில்.

இது நம் சமுதாயத்தில் மட்டும் உள்ள குறையல்ல. எய்ம்ஸ் நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 20 பேரில் ஒருவர்.

போலீஸ் பயமும் ஒரு காரணம். ஆனால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உடம்பிலிருந்து போதையை இறக்க ஓரிரு வாரம் போதும். ஏக்கம் மாதக்கணக்கில் நிற்கும். பழைய கூட்டாளி, சம்பள நாள், வீட்டில் ஒரு சண்டை, ஏதாவது ஒன்று போதும் மறுபடி விழ. உயிர் போகும் ஆபத்தும் அங்கேதான். ஓபியம் வகை மாத்திரையைச் சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது, அதையே திரும்ப எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். அந்த இரவில் அவர் வாப்பாவிடம் வாய் திறக்க முடிய வேண்டும். 'மறுபடியுமா?' என்ற ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும்.

மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்பதே நபியவர்கள் சொன்ன காரணம். தண்டனை இருந்தது, ஆனால் ஜமாஅத்தை விட்டு விரட்டவில்லை. நம் ஜும்ஆ பயான்களில் போதை ஹராம் என்பதைக் கேட்கிறோம், இதை எப்போதாவதுதான் கேட்கிறோம்.

சென்னையில் 1980-ல் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. நமக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கடலூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14446 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகளில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்தாலே பாதி வீடுகளின் கதவு திறக்கும்.

நிக்காஹ் விஷயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். தடையில்லாச் சான்று கொடுக்கும் ஜமாஅத்துக்குப் பையனின் நிலை தெரிந்திருந்தால் பெண் வீட்டாருக்கும் தெரிய வேண்டும். மறைத்துக் கட்டிவைத்த பெண், ஓராண்டு கழித்துக் கைக்குழந்தையோடு குலா கேட்டு வருவதும் அதே ஜமாஅத் அலுவலகத்துக்குத்தான்.