ஒரு நாள் ஆய்வும் மூன்றாண்டு அங்கீகாரமும்

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரம் பெற விரும்பினால், தாசில்தாரிடம் கட்டட உரிமம், பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையிடம் ஒரு சான்று, சுகாதாரத் துறையிடம் மற்றொரு சான்று என நான்கு வாசல்களில் காத்திருந்து நான்கு காகிதங்களைச் சேகரித்து, நிலப் பத்திரத்தையும் ஆசிரியர் பட்டியலையும் அவற்றோடு இணைத்துக் கல்வித் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் ஒரு நாள் வந்து பார்ப்பார்கள். பின்னர் வழங்கப்படும் அங்கீகாரம் பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். தவணை முடிந்ததும் அதே யாத்திரை மறுபடியும் தொடங்கும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தாளாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இது போதாது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். விதிகளைக் கூட்டுவது, குறைப்பது என்ற இந்த வழக்கில் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு: ஆய்வுக்குச் சென்ற அதிகாரி தாம் கண்டதை யாரிடம் சொல்கிறார்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்ட துயரத்தை நாம் மறந்திருக்க முடியாது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. சமையற்கூடத்தில் மூண்ட தீ மேல் தளத்துக் கீற்றுக் கொட்டகைக்குத் தாவியபோது, இறங்கி ஓடப் போதிய வழி இல்லை. இவற்றில் எதுவும் மறைபொருளன்று. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர் எவருக்கும் அந்தக் கீற்று தெரிந்திருக்கும். தெரிந்தும், அந்தப் பள்ளி தடையின்றி நடந்துவந்தது. பத்தாண்டுகள் கழித்து 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் நிறுவனரோடு கல்வித் துறை அலுவலர் சிலரையும் தண்டித்தது. 2017-இல் மேல்முறையீட்டில் அந்த அலுவலர்கள் விடுதலை பெற்றார்கள். சட்டத்தின் நியாயம் எதுவாயினும், சான்று கொடுத்தவருக்கு அந்தச் சான்றின் விளைவில் பங்கு என்ன என்பது இன்றுவரை தீராத விஷயமாகவே நிற்கிறது.

ஆய்வறிக்கை மேலிடத்துக்கு மட்டுமே போகும் வழக்கத்தின் வேரைத் தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கையை ஒட்டி, தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு வந்தது. 1857-இல் சென்னை சர்வகலாசாலை தோன்றிக் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு பரீட்சை நடத்தலாயிற்று. பணம் கொடுப்பது சர்க்கார் ஆகையால், அந்தப் பணம் முறையாகச் செலவாகிறதா என்று பார்த்து வர இன்ஸ்பெக்டர் அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கையும் அவரை அனுப்பிய சர்க்காருக்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது முற்றிலும் நியாயமே. இன்றோ பெரும்பாலான தனியார் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணம் கொடுப்பவர், நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் வாங்கியும் கட்டணம் செலுத்துகிற தகப்பனாரும் தாயாருமாக இருக்க, அறிக்கை மட்டும் பழைய பாதையிலேயே கோப்புக்குள் சென்று அடங்குகிறது.

பார்க்க வேண்டியவர் பார்க்காத இடத்தில் ஆய்வு வெறும் சம்பிரதாயமாகிவிடும். வரும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பெண் பார்க்கும் நாளுக்கு இரவல் நகை பூட்டுவதுபோலச் சில கல்லூரிகள் ஆசிரியர்களையே இரவல் வாங்கி நிறுத்துகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2023-24-ஆம் ஆண்டில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததாக 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. ஒரே மனிதர் பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஏககாலத்தில் பாடம் நடத்தும் விந்தையும் அதில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு விசேஷ அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. பொதுவில் காணக் கிடைத்த பட்டியல்களை எடுத்து ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆய்வுக் குழுக்கள் நேரில் சென்றும் பிடிபடாத புரட்டு, பட்டியல் வெளியில் இருந்த ஒரே காரணத்தால் பிடிபட்டது.

குழுக்களின் நாணயமும் எப்போதும் நம்பத்தக்கதாக இல்லை. 2010-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவர் லஞ்ச வழக்கில் கைதானதை அடுத்து அந்தக் கவுன்சிலே கலைக்கப்பட்டது. 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. ஆயினும் 2025-இல் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளைப் பற்றி சி.பி.ஐ. மீண்டும் ஒரு பெரிய வழக்கைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் கல்லூரிகளுக்குத் தரச் சான்று அளிக்கும் ‘நாக்’ அமைப்பின் ஆய்வுக் குழுவினரும் லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் பழக்கம் மாறிவிடாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இதற்கு மருந்து ஆய்வறிக்கையை ஊரறிய வெளியிடுவதே. அப்படி வெளியிட்டால் சிறிய பள்ளிகளின் பெயர் கெட்டு அவை மூடப்படும் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். இன்றைய ரகசியமே அந்தப் பள்ளிகளுக்குப் பெரிய தீங்கு என்பது என் எண்ணம். மாநகராட்சியில் 6 கிரவுண்டு, கிராமத்தில் 3 ஏக்கர் என்று நிர்ணயிக்கப்பட்ட நிலம் இல்லாத பழைய பள்ளிகள் பல, தற்காலிக அங்கீகாரத்தை ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து வாங்கிக் காலம் தள்ளியிருக்கின்றன. கத்தி தலைக்கு மேல் தொங்கும் வரை பேரத்துக்கு இடம் உண்டு. இடம் குறைவு, ஆயினும் கட்டடம் உறுதி, ஆசிரியர் தகுதியுள்ளவர் என்று உள்ளதை உள்ளபடி எழுதி வைத்துவிட்டால், அந்தக் குறையோடு பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெற்றோரே தீர்மானிப்பார்கள்.

அரசாங்கம் தன்னையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அங்கீகாரம் இல்லாத பள்ளி இயங்கலாகாது என்று 18-ஆம் பிரிவில் விதித்துவிட்டு, அரசும் உள்ளாட்சியும் நடத்தும் பள்ளிகளுக்கு அதே வரியில் விலக்கு அளிக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இல்லாத அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தையும் குழந்தைதானே! பிறரிடம் சான்று கேட்பவர் தம்முடைய வீட்டையும் திறந்து காட்டுவதே மரியாதை.

ஆகவே, ஆய்வுகள் முன்னறிவிப்பின்றி நடைபெற வேண்டும். கண்டது முழுவதும், கண்ட அதிகாரியின் பெயரோடும் தேதியோடும், எளிய தமிழில் பள்ளி வாசலிலும் இணையத்திலும் வெளியாக வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இதில் கூடாது. அரசாங்கம் இதைச் செய்யும் வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஜூன் மாதம் கட்டணம் செலுத்தும் முன், அங்கீகாரச் சான்றையும் தீயணைப்புச் சான்றையும் காட்டும்படி கேளுங்கள். அவற்றில் போட்டிருக்கும் தேதியைப் படியுங்கள். காட்ட மறுக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.